சிவப்பு தெரியாத கண்ணாடி

புத்தளம் மாவட்டத்தின் வடகோடியில், வில்பத்துக் காடு கடலைத் தொடும் இடத்தில் இருக்கிறது குதிரைமலை முனை. மலை என்று பெயர். பார்த்தால் கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும் ஒரு செம்மண் மேடு. அல்லி அரசாணி இங்கிருந்துதான் ஆண்டாள் என்பது ஊர்வழக்கு. உரோமப் பேரரசன் குளோடியசின் காலத்தில் காற்றில் அள்ளுண்டு வந்த கப்பல் ஒன்று ஒதுங்கியதாகப் பிளினி எழுதிவைத்த ஹிப்புரோஸ் துறை இதுவே என்பார் பலர். விசயனும் ஆட்களும் களைத்து விழுந்து கையூன்றியபோது உள்ளங்கை செம்பு நிறமாகிப் போனது என்று மகாவம்சம் சொல்லும் கரையையும் இந்தப் பக்கத்தில் தேடுவோர் உண்டு. தேடுவதில் நியாயம் இருக்கிறது. அந்த மண்ணை அள்ளினால் கை சிவக்கத்தான் செய்யும்.

1870களில் ஒரு புகைப்படக்காரர் கொழும்பிலிருந்து பெட்டி, முக்காலி, மருந்துப் போத்தல்களோடு அங்கே போய் இறங்கியிருந்தால் எப்படிப்பட்ட படம் கிடைத்திருக்கும்? செம்மண் மேடு கரியாகக் கறுத்திருக்கும். கடல் வெளிறியிருக்கும். வானம் இருந்த இடத்தில் வெறும் தாள்தான் மிஞ்சியிருக்கும்.

குற்றம் படம் பிடித்தவரின் கையில் இல்லை, அவர் கொண்டுபோன கண்ணாடியில் இருந்தது. 1851இல் ஃபிரெடரிக் ஸ்கொட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறையில், கண்ணாடித் தகட்டில் ஊறிய வெள்ளி உப்பு நீலத்தையும் ஊதாவையும்தான் நன்றாக உணரும். பச்சை அதற்கு அரைகுறை. சிவப்பு முழு இருட்டு. அதனால்தான் இருட்டறையில் சிவப்பு விளக்கு ஏற்றிவைத்துக்கொண்டு வேலை செய்ய முடிந்தது. வானத்து நீலம் தகட்டைச் சுட்டுத் தள்ளிவிடும். முகிலும் வானமும் ஒரே வெள்ளையாகும். செம்மண் தகட்டில் எதையும் பதிக்காது. பிரதியில் அது கறுப்பாக வரும்.

இன்று போட்டோஷொப் மென்பொருளில் வண்ணப் படமொன்றைக் கறுப்பு வெள்ளையாக்கும் கட்டத்தைத் திறந்தால் ஆறு இழுபட்டைகள் தெரியும்: சிவப்பு, மஞ்சள், பச்சை, வெளிர்நீலம், நீலம், கருஞ்சிவப்பு. 2007இல் வந்த பதிப்பிலிருந்து இந்த வசதி இருக்கிறது. குதிரைமலையின் வண்ணப் படத்தை அதில் போட்டு, சிவப்பை இடப்பக்கம் இழுத்து நீலத்தை வலப்பக்கம் தள்ளினால், விக்டோரியா மகாராணி காலத்துப் படம் ஒரு நொடியில் திரையில் நிற்கும். மாற்றி இழுத்தால் மண் மேடு வெள்ளை வெளேரென்றாகி, வானம் நள்ளிரவாகிவிடும். இரண்டில் எது உண்மையான குதிரைமலை என்று கேட்டால் மென்பொருளுக்குப் பதில் தெரியாது. அந்தக் காலத்துக் கண்ணாடித் தகட்டுக்கும் தெரியாது.

பில்டர் என்றதும் கன்னத்தை வழவழப்பாக்கும் தொலைபேசிச் செயலி நினைவுக்கு வருவதால், இதெல்லாம் இன்றைய தலைமுறையின் மினுக்கு வேலை என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள். புத்தளக் கரையை வைத்துப் பார்த்தால் கதை வேறு. உப்பளத்தின் வெள்ளை, களப்பு நீரின் கண்கூச்சம், செம்மண், மாநிறத்து மனிதர்கள் என்று தகட்டுக்கும் பிலிமுக்கும் ஒத்துவராத எல்லாமே ஒரே கரையில் கூடியிருக்கின்றன. இங்கே படத்தைத் திருத்தாமல் படமே எடுக்க முடியாது. திருத்தப் பழகிய கை பிறகு சும்மா இருக்கவில்லை என்பதுதான் இந்தக் கதையின் மறுபாதி.

தகட்டின் குருட்டுத்தனத்துக்கு வைத்தியம் பல வழியில் வந்தது. பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே 1856-57 அளவில் கடலை ஒரு தகட்டிலும் வானத்தை இன்னொரு தகட்டிலும் எடுத்து, இரண்டையும் ஒரே தாளில் இணைத்து அச்சிட்டார். படம் பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். ஒரே முகிலை வேறு வேறு கடலுக்கு மேல் மாட்டிவிடும் வேலையும் நடந்தது. இன்றைய வானம் மாற்றும் பொத்தானுக்கு அவர்தான் பாட்டன். 1873இல் பெர்லின் வேதியியலாளர் ஹெர்மன் வோகல், தகட்டில் ஒரு சாயத்தைக் கலந்தால் பச்சையும் அதற்குத் தெரியத் தொடங்குவதைக் கண்டார். எல்லா நிறத்தையும் உணரும் தகட்டை 1906இல் இங்கிலாந்தின் ரேட்டன் அன்ட் வெயின்ரைட் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதோடு லென்சுக்கு முன்னால் மாட்டும் நிறத்தகடுகளும் வந்தன. மஞ்சள் தகடு நீலத்தைக் கொஞ்சம் மறிக்கும். வானம் இருண்டு முகில் எழும். சிவப்புத் தகடு நீலத்தை முழுதாக மறிக்கும். பட்டப்பகல் இடிமழைக்கு முந்திய நேரம் போலாகிவிடும். 1912இல் கொடாக் அந்த நிறுவனத்தை வாங்கியது. ரேட்டன் நிறத்தகடுகளின் எண்கள் மட்டும் சாகவில்லை. போட்டோஷொப்பின் நிறத்தகட்டுப் பட்டியலில் 85, 81 என்று வெப்ப நிறங்களுக்கும் 80, 82 என்று குளிர் நிறங்களுக்கும் பக்கத்தில் நிற்பவை அந்த எண்கள்தாம்.

இலங்கையின் மிகப் பழைய புகைப்படங்களில் ஒரு தொகுதி, எடுத்த கையோடு வர்ணம் தீட்டப்பட்டது. ஃபிரெடரிக் ஃபீபிக் என்ற ஜெர்மானியர் கல்கத்தாவில் கல்லச்சு ஓவியராக இருந்து புகைப்படத்துக்கு மாறியவர். 1852 அளவில் இலங்கைக்கு வந்து எடுத்த படங்களுக்குத் தூரிகையால் நிறம் ஏற்றினார். கல்கத்தா, சென்னை, இலங்கை, மொரிசியஸ் என்று அவர் எடுத்த சுமார் 500 படங்களைக் கிழக்கிந்தியக் கம்பனி 1856இல் வாங்கியது. அவை இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. ஆக, இலங்கைப் படத்துக்கு வண்ணம் பூசும் வழக்கத்துக்கு வயது ஏறத்தாழ 170. கறுப்பு வெள்ளைதான் பழசு, வண்ணம் புதுசு என்ற நம் கணக்கு இங்கே பிசகுகிறது.

அக்காலத்துப் படத்தாள் உப்பில் பிறந்தது. நல்ல எழுதுதாளை நீர்த்த உப்புக் கரைசலில் தோய்த்து உலர்த்துவார்கள். பிறகு ஒரு பக்கத்தில் வெள்ளி நைத்திரேற்றைத் தூரிகையால் பூசுவார்கள். தாளின் நாருக்குள் வெள்ளிக் குளோரைட்டு உண்டாகும். நெகட்டிவை மேலே வைத்து வெயிலில் காயவிட்டால் உருவம் தானாகக் கறுத்து வரும். ஹைப்போ என்ற மருந்தில் கழுவி நிறுத்தாவிட்டால் முழுத் தாளும் கறுத்துவிடும். இதற்கு வேண்டிய உப்பு சமையலறை உப்புதான். புத்தளம் களப்பின் தென்கோடியில், பாலாவிப் பக்கத்து உப்பளங்களில் வெயில் தானாகச் செய்துகொடுக்கும் அதே பொருள். பிரிட்டிஷ் காலத்தில் உப்பு அரசாங்கத்தின் ஏகபோகமாக இருந்தது. புத்தளத்தின் பெயரே உப்போடு ஒட்டிக்கிடந்த காலம் அது.

உப்புத்தாளில் வரும் உருவம் செங்கபிலமாக இருக்கும். தங்கக் கரைசலில் போட்டால் ஊதா கலந்த கபிலமாகும். சரியாகக் கழுவாத படம் சில ஆண்டுகளில் ஓரத்திலிருந்து மஞ்சளித்து வெளிறும். பிந்திய காலத்து வெள்ளிப் படங்களைக் கந்தக மருந்தில் போட்டு வேண்டுமென்றே கபிலமாக்கினார்கள். வெள்ளி சல்பைட்டு எளிதில் வெளிறாது என்பதே நோக்கம். இன்று தொலைபேசியில் பழைய காலத்துச் சாயல் என்ற பெயரில் வரும் கபில நிறம், மஞ்சளித்த ஓரம், வெளிறிய நிழல் எல்லாம் இந்த இரண்டு வேலைகளின் குழப்பமான நகல். ஒன்று படத்தைக் காப்பாற்றச் செய்தது. மற்றது காப்பாற்றத் தவறியதால் வந்தது. பில்டர் இரண்டையும் ஒரே குவளையில் ஊற்றிக் கொடுக்கிறது.

புத்தளம் மாவட்டத்தின் வட எல்லையில் ஓடும் மோதரகம் ஆற்றைத் தாண்டினால் மன்னார் மாவட்டத்து மறிச்சுக்கட்டி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தக் கரை முழுவதும் உலகத்தின் கண்ணில் பட்டது அங்கே நடந்த முத்துக்குளிப்பால்தான். 1344இல் இந்தக் கரைக்கு வந்து மன்னன் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்த பயணி இப்னு பதூதாவின் குறிப்பிலேயே முத்து வந்துவிடுகிறது. 1905ஆம் ஆண்டுக் குளிப்பு அரசாங்கத்துக்குக் கொடுத்தது 25 இலட்சம் ரூபாவுக்குச் சற்று மேல். கீழக்கரையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் குளியாட்கள் வந்தார்கள். வெறும் மணல்வெளியில் சில வாரங்களுக்கு ஒரு நகரம் முளைத்து மறைந்தது. எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு அரசாங்கத்துக்கு, ஒரு பங்கு குளியாட்களுக்கு.

1906இல் அங்கே மேற்பார்வைக்கு அனுப்பப்பட்ட இளம் அதிகாரி ஒருவர் பின்னாளில் எழுத்தாளராகப் பெயர் பெற்றார்: லெனாட் வுல்ஃப். சிப்பியை வெயிலில் அழுகவிட்டு, புழுத்துப்போன சதையைக் கழுவித்தான் முத்தைத் தேட வேண்டும். அந்த நாற்றத்தையும் இலையான் கூட்டத்தையும் அவர் தன் வாழ்க்கை வரலாற்றில் விடாமல் பதிந்திருக்கிறார். கொழும்பில் 1890இல் தொடங்கிய பிளாட்டே புகைப்பட நிறுவனமும் அதன் போட்டியாளர்களும் வெளியிட்ட தபால் அட்டைகளில் அந்த நாற்றத்துக்கு இடமில்லை. பாய் விரித்த வள்ளங்கள், ஒரே சீரான நீலக் கடல், ரோசா நிற வானம்.

அந்த அட்டைகளின் நிறம் வந்த வழி சுவையானது. எடுத்தது கறுப்பு வெள்ளைப் படம். அதை அச்சகத்துக்கு அனுப்புவார்கள். அக்காலத்தில் வண்ண அட்டைகள் பெரும்பாலும் ஜெர்மனியில்தான் அச்சாகின. அங்கே ஓர் ஓவியர் நீலத்துக்கு ஒரு கல், சிவப்புக்கு ஒரு கல், மஞ்சளுக்கு ஒரு கல் என்று தனித்தனியே வரைந்து, கறுப்பு உருவத்தின் மேல் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றுவார். இந்தியப் பெருங்கடலை வாழ்நாளில் பார்க்காதவர் அதற்கு நிறம் தீர்மானித்தார். மணல் எல்லா ஊருக்கும் ஒரே மஞ்சள். தென்னை எல்லா ஊருக்கும் ஒரே பச்சை. உடுப்பின் நிறம் ஓவியரின் கையிருப்பைப் பொறுத்தது. கொழும்புத் துறைமுகத்தில் கப்பல் மாறும் பயணி அதை வாங்கி, பின்பக்கத்தில் நாலு வரி எழுதித் தபாலில் போட்டுவிட்டுப் போய்விடுவார். பெறுபவரின் மனதில் இலங்கைக் கடல் அந்த நீலமாகவே தங்கிவிடும். 1907க்குப் பிறகு சிப்பி வளம் சரிந்தது, முத்துக்குளிப்பைக் குத்தகைக்கு எடுத்திருந்த கம்பனியும் நொடித்தது. சிப்பி போன பிறகும் அட்டை நின்றது.

இதற்கெல்லாம் மாறான ஒருவரையும் இலங்கை கண்டது. லயனல் வெண்ட், 1900இல் கொழும்பில் பிறந்த பறங்கியர். இலண்டனில் சட்டமும் பியானோவும் படித்தவர். 1934இல் வெளிவந்த 'சோங் ஒஃப் சிலோன்' ஆவணப்படத்துக்குக் குரல் கொடுத்தவர். அவருக்கு இருட்டறை என்பது பிழை திருத்தும் இடமில்லை, பரிசோதனைக்கூடம். பாதி கழுவிய படத்தின் மேல் சட்டென்று வெளிச்சத்தைப் போட்டு, வெள்ளையும் கறுப்பும் இடம்மாற, உருவத்தின் விளிம்பில் கோடு ஓட வைக்கும் முறையைக் கையாண்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சபாத்தியே விவரித்த இந்த விளைவை 1929 அளவில் பாரிசில் மான் ரேயும் லீ மில்லரும் கலையாக்கியிருந்தார்கள். வெண்ட் இரண்டு மூன்று நெகட்டிவை ஒன்றின்மேல் ஒன்று வைத்தும் அச்சிட்டார். 1943இல் நாட்டின் நவீன ஓவியர்கள் '43 குழு'வாகச் சேர்ந்தது அவர் வீட்டில். அடுத்த ஆண்டே அவர் இறந்துபோனார். படங்கள் 1950இல் நூலாக வந்தன, நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டுவிட்டன. 'சோலரைஸ்' என்ற பெயரில் அவர் கைவித்தை இன்று போட்டோஷொப்பின் பட்டியலில் ஒரு வரியாகக் கிடக்கிறது. அதை யாரும் அதிகம் தொடுவதில்லை. அழுத்தினால் எல்லாப் படத்துக்கும் ஒரே முடிவைத் தருகிறது. இருட்டறையில் அது இரண்டு தடவை ஒரே மாதிரி வந்ததில்லை.

வெண்டின் கலை கொழும்பின் சிறு வட்டத்துக்குள் நின்றது. கரையோரச் சனங்களுக்குப் படம் என்றால் ஸ்டூடியோ. தேசிய அடையாள அட்டை 1972இல் வந்தபோது கடலுக்குப் போகிறவர், உப்பளத்தில் கூலிக்கு நிற்பவர், தென்னந்தோட்டத்தில் தேங்காய் உரிப்பவர் எல்லோருக்கும் ஒரு முகப்படம் கட்டாயமானது. வாழ்நாளில் அந்த ஒரே ஒரு படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மறைந்தவர்கள் ஏராளம்.

கறுப்பு வெள்ளை ஸ்டூடியோவில் பாதி வேலை கமராவில், மீதி வேலை டச்சிங் மேசையில். சாய்வான மேசை, நடுவில் பால்கண்ணாடி, அடியில் யன்னல் வெளிச்சத்தை மேலே திருப்பும் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. நெகட்டிவைப் பால்கண்ணாடியில் வைத்து, பென்சில் பிடிக்க ஏதுவாக ஒரு மருந்தைத் துணியால் தேய்ப்பார்கள். பென்சிலை ஊசிமுனையாகச் சீவ வேண்டும். பிறகு சின்னச் சின்னக் கொக்கிக் கோடுகளாகக் கண்ணுக்குக் கீழே, மூக்கோரம், நெற்றிச் சுருக்கம் என்று நிரப்பிக்கொண்டு போவார்கள். நெகட்டிவில் பென்சில் பட்ட இடத்தில் வெளிச்சம் குறையும். பிரிண்டில் அந்த இடம் வெளுக்கும். முகம் முழுவதும் பென்சில் ஓட்டினால் முகம் முழுவதும் வெளுக்கும். பின்புறம் பிடிக்காவிட்டால் செங்கபில மையை நெகட்டிவில் தடவி மறைப்பார்கள், அது வெள்ளையாகிவிடும். கடைசியில் பிரிண்டுக்கு வர்ணம். உதட்டுக்கு ஒரு சொட்டுச் சிவப்பு, சேலைக் கரைக்கு மஞ்சள். கேட்டால் கழுத்தில் இல்லாத சங்கிலியும் ஏறும்.

இந்த இடத்தில்தான் வைத்தியமும் மினுக்கும் ஒன்றோடொன்று கலந்தன. நீலத்தை மட்டும் காணும் பழைய தகடு, சிவப்பை அதிகம் திருப்பும் மாநிறத் தோலை உள்ளதைவிடக் கறுப்பாகக் காட்டியது. அதைச் சரிசெய்யப் பென்சில் பிடித்தது நியாயம். பிலிம் திருந்தி எல்லா நிறத்தையும் காணத் தொடங்கிய பிறகும் பென்சில் மேசையிலேயே இருந்தது. வண்ணப் பிலிம் வந்ததும் பழைய குறை புது உருவில் திரும்பியது. அமெரிக்காவில் கொடாக் தன் அச்சுக்கூடங்களுக்கு அனுப்பிய நிற அளவுகோல் படத்தில் பல ஆண்டுகள் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அந்த முகம் சரியாக வந்தால் இயந்திரம் சரி. இந்தக் கரையின் உடப்பு ஊர் மீனவரின் முகம் அந்த இயந்திரத்தில் எப்படி வரும் என்று யாரும் பார்க்கவில்லை. கரிய நிறங்களில் விவரம் தெரியவில்லை என்று கொடாக்கிடம் முறையிட்டு வென்றவர்களில் தளபாட விளம்பரக்காரர்களும் சொக்லேட் விளம்பரக்காரர்களும் முக்கியமானவர்கள். மனிதத் தோலுக்காக எழுந்த முறைப்பாட்டைவிட மரத்துக்கும் சொக்லேட்டுக்கும் செல்வாக்கு அதிகம் இருந்திருக்கிறது!

கணினிக்குள் இந்த மேசை முழுவதும் குடிபோன கதையின் தொடக்கமும் ஓர் இருட்டறைதான். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஆன் ஆர்பர் ஊரில், பேராசிரியர் ஒருவர் வீட்டுக்குக் கீழே பொழுதுபோக்காக இருட்டறை வைத்திருந்தார். அவர் மக்கள் தோமஸ் நோலும் ஜோன் நோலும் அங்கே பிரிண்ட் போடப் பழகியவர்கள். 1987இல் தோமஸ் தன் மக்கின்டோஷ் கணினியில் சாம்பல் நிறப் படங்களைக் காட்ட ஒரு சிறு நிரல் எழுதினார். சினிமாத் தந்திரக் காட்சிகள் செய்யும் நிறுவனமொன்றில் இருந்த ஜோன் அதைப் பார்த்து, படத்தை மங்கலாக்க, கூராக்க, திரிக்கத் தனித்தனித் துணுக்குகள் எழுதிச் சேர்த்தார். 1990 பெப்ரவரியில் அடோபி நிறுவனம் அதைப் போட்டோஷொப் என்று வெளியிட்டது. 1993இல் விண்டோசுக்கு வந்தது. பிறகு அது உலகத்தின் சின்ன நகர ஸ்டூடியோக்களுக்கெல்லாம் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதை அடோபி நிறுவனம் மகிழ்ச்சியோடு சொல்லாது.

பில்டர் உள்ளே செய்வது எளிய கணக்கு. பாலாவி உப்பளத்தின் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சேற்று வரம்பின் புள்ளிகளுக்கு வெளிச்ச அளவு 80, பக்கத்து உப்பின் புள்ளிகளுக்கு 200 என்று வைப்போம். கூராக்கும் பில்டரின் மிக எளிய வகை ஒவ்வொரு புள்ளியையும் 5ஆல் பெருக்கி, மேல், கீழ், இடம், வலம் என நாலு அயல் புள்ளிகளையும் கழிக்கும். வரம்பின் நடுவில் இருக்கும் புள்ளிக்கு அயலெல்லாம் 80. 400இலிருந்து 320 போனால் மறுபடி 80, மாற்றமில்லை. உப்பை ஒட்டிய வரம்புப் புள்ளிக்கு மூன்று அயல் 80, ஒன்று 200. 400இலிருந்து 440 போகிறது. விடை பூச்சியத்துக்குக் கீழே, ஆகவே முழுக் கறுப்பு. மறுபக்கத்து உப்புப் புள்ளிக்கு 1000இலிருந்து 680 போய் 320 வருகிறது. உச்சம் 255தான், ஆகவே முழு வெள்ளை. வரம்புக்கும் உப்புக்கும் நடுவே கத்தியால் கீறியது போல் ஒரு கோடு எழுகிறது. படத்தில் புதிதாக எந்த விவரமும் சேரவில்லை. இருந்த வேறுபாட்டைக் கணக்கு ஊதிக் காட்டியது.

இதையே பிலிம் காலத்தில் கையால் செய்தார்கள். நெகட்டிவிலிருந்து வேண்டுமென்றே மங்கலான ஒரு பொசிட்டிவ் எடுத்து, இரண்டையும் சேர்த்து வைத்து அச்சிட்டால் விளிம்புகள் கூராகும். ஒரு படத்துக்கு அரைநாள் போகும். கூராக்கத் தேவைப்பட்டது ஒரு மங்கல் படம் என்பதை இன்றைய பயிற்சி வகுப்புகளில் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. சொன்னால் பாதிப் பேர் நம்பமாட்டார்கள்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் வந்து சேர்ந்தது புத்தளம் மாவட்டத்துக்கு. கையில் ஒரு சிறு தொகைப் பணமும் மாற்றுடுப்பும்தான். விட்டுவந்த வீடுகளோடு அல்பங்களும் போயின. இறந்துபோன தகப்பனின் முகம் அடையாள அட்டையில் மட்டும் எஞ்சியிருந்தால், அந்த விரல்நகத்தளவு படத்தை ஸ்கான் செய்து, முத்திரை விழுந்த அடையாளத்தை அழித்து, மங்கலைக் கூராக்கி, சட்டைக்கும் தொப்பிக்கும் நிறம் கொடுத்து, சுவரில் மாட்டும் அளவுக்குப் பெரிதாக்குவது இலங்கையின் ஸ்டூடியோக்களுக்குப் பழகிய வேலை. 2002இல் போட்டோஷொப்பில் சேர்ந்த காயமாற்றும் தூரிகை இந்த வேலையைப் பாதியாகக் குறைத்தது. கீறலின் மேல் தேய்த்தால் பக்கத்துத் தோலின் சாயலை எடுத்து நிரப்பிவிடும். தாங்கள் எழுதிய துணுக்குகள் இப்படி ஒரு வேலைக்குப் பயன்படும் என்று நோல் சகோதரர்கள் எண்ணியிருக்க வழியில்லை. இதைப் பொய்ப்படம் என்று சொல்ல எந்தக் கொம்பனுக்கும் நா வராது.

2010ஆம் ஆண்டு இந்தக் கரைக்கு மூன்று செய்திகளை ஒன்றாகக் கொண்டுவந்தது. மாம்புரியில் காற்றாலைகள் சுழலத் தொடங்கின. போட்டோஷொப் புதிய பதிப்பில், படத்தில் பிடிக்காத பொருளைச் சுற்றிக் கோடு போட்டால் அதை விழுங்கி, அவ்விடத்தை வானமாகவோ மணலாகவோ நிரப்பும் வசதி வந்தது. ஒக்டோபர் 6இல் இன்ஸ்டகிராம் வெளிவந்தது. அதன் முதல் பில்டரை நிறுவனர் கெவின் சிஸ்ட்ரோம் எழுதியது மெக்சிக்கோக் கடற்கரையில் விடுமுறையின்போது. தன் படங்கள் நண்பனின் படங்கள்போல் அழகாக வருவதில்லை என்று அவர் காதலி குறைப்பட்டதுதான் காரணம். ஸ்லைட் பிலிமை நெகட்டிவ் மருந்தில் கழுவினால் வரும் கோணல் நிறத்தை அது நகல் செய்தது. அதாவது ஸ்டூடியோவில் ஒருவர் மருந்தை மாற்றி ஊற்றினால் வேலை போகக்கூடிய பிழை, விரும்பிக் கேட்கும் அழகாகிவிட்டது.

போர் முடிந்து கற்பிட்டிக்குச் சுற்றுலா வந்த காலமும் அதுவே. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை ஓங்கில்கள் துள்ளும் கடல், காற்றுக் காலத்தில் பட்டம் கட்டிச் சறுக்கும் வெளிநாட்டார், ஒல்லாந்தர் கோட்டை. படங்களில் களப்பு மரகதப் பச்சையாகவும் கடல் நீலமணியாகவும் பளபளக்கின்றன. கண்டல் வேரும் சேறும் கலந்த களப்புத் தண்ணீர் நாளின் பெரும்பகுதி தேயிலைச் சாயம்தான். 2011இல் இயங்கத் தொடங்கிய நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி வானத்தில் நிற்கிறது. 900 மெகாவோட் உற்பத்திக்குரிய நிலையத்தின் கட்டடம் அது, சின்னப் பொருளில்லை. ஆனாலும் இன்று தொலைபேசியில் ஒரு விரல் தேய்ப்பில் அது காணாமல் போகும். விளம்பரக்காரருக்கு அது இடைஞ்சல். அங்கே சாம்பல் தூசுக்கு முறையிடும் ஊராருக்கு அந்தப் புகைபோக்கி இல்லாத படம் எதற்குமே உதவாது. முத்துக்குளிப்பு அட்டையில் நாற்றத்தை ஒதுக்கிய ஜெர்மன் ஓவியருக்கும் இந்த விரலுக்கும் வேலை ஒன்றுதான். ஓவியர் கடலைப் பார்க்காமல் செய்தார், விரலுக்குரியவர் கடலுக்கு முன்னால் நின்றே செய்கிறார்.

முகத்தை வெளுப்பாக்கும் பழைய பென்சிலும் செயலிக்குள் போய்விட்டது. சீனாவின் மெய்த்து நிறுவனம் 2008இல் தொடங்கி, தோலை வெளுத்துக் கண்ணைப் பெரிதாக்கும் பில்டர்களால் கோடிக்கணக்கானோரைப் பிடித்தது. 2017இல் ஃபேஸ்அப் செயலியின் அழகாக்கும் பில்டர் மாநிற முகங்களையெல்லாம் வெள்ளையாக்கியது அம்பலமானபோது, பயிற்சிக்குக் கொடுத்த படங்களின் பக்கச்சார்பு என்று அதன் தலைவர் மன்னிப்புக் கேட்டார். கொடாக்கின் வெள்ளைக்காரப் பெண் அளவுகோலில் தொடங்கிய கோளாறு, கணினி தானாகக் கற்கும் காலத்திலும் அப்படியே தொடர்கிறது.

அதே 2017இல் இலங்கையில் மின்னணு அடையாள அட்டை வந்தது. அதற்கான படம் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிப்படி இருக்க வேண்டும்: நேர்ப்பார்வை, சமமான வெளிச்சம், நிழலில்லாத பின்புறம், தோல் நிறம் உள்ளபடி. கைவைத்த படம் செல்லாது. பதிவு பெற்ற ஸ்டூடியோக்கள் படத்தைக் கணினி வழியாக அட்டை வழங்கும் திணைக்களத்துக்கு அனுப்பிவிட வேண்டும். ஐந்து தலைமுறையாகத் திருத்துவதற்கே கூலி வாங்கிய தொழிலுக்கு, திருத்தாமல் விடுவதே சட்டமான வேலை இது. "மகன், கொஞ்சம் வெளுப்பா வார மாதிரிச் செஞ்சி அனுப்புங்களேன்" என்று கேட்கும் உம்மாமாரும் வாப்பாமாரும் கடைக்குக் கடை உண்டு. "அனுப்பினா அவங்க திருப்பி அனுப்பிடுவாங்க உம்மா" என்பதுதான் பதில். பிறகு ஸ்டூடியோப் பொடியன் அதே கதிரையில் கேட்டவரை இன்னொரு முறை இருத்தி, வீட்டுக்கென்று ஒரு படம் தனியாக எடுப்பான். அதற்குப் பின்புறம் நீலக் கடல், முகம் கேட்ட அளவுக்கு வெளுப்பு, விலை தனி.